தலைநகருக்கு வெளியே நின்று பார்த்தால்

(மயிலாடுதுறையில், திரையில் படங்களைக் காட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாயவரம் எந்தக் காலத்திலும் தலைநகராக இருந்ததில்லை. மாவட்டத் தலைநகர் என்ற பெயரே 2020 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் மணிக்கூண்டிலிருந்து காலையில் கிளம்பினால், இருட்டுவதற்குள் போய்த் திரும்பிவிடும் தூரத்தில் நான்கு தலைநகரங்கள் இருக்கின்றன. கிழக்கே பூம்புகார். தென்கிழக்கே டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. வடமேற்கே கங்கைகொண்ட சோழபுரம். மேற்கே தஞ்சாவூர். இந்த நான்கில் இன்றைக்கும் பெரிய நகரமாக உயிரோடு இருப்பது தஞ்சாவூர்தான். அதனால் இன்று பெரும்பாலும் அங்கேயே சுற்றப்போகிறோம். மற்ற மூன்றையும் வழியில் எட்டிப் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு தலைநகரை அதன் அரண்மனை வாசலில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். அந்தத் தலைநகருக்கு நெல் அனுப்பிய, ஆள் அனுப்பிய ஊரில் நின்று பார்க்க வேண்டும். நாம் அனுப்பிய ஊர்க்காரர்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும் அந்தக் கண்ணோடுதான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதல் படம். பின்வரிசையில் தெரியாதவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். முன்வரிசை வழக்கம்போலக் காலியாகத்தான் இருக்கிறது.

இது தஞ்சைப் பெரிய கோயில். ஆண்டு 1858. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன். சென்னை ராஜதானி அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத 1857 டிசம்பரில், கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார் மனிதர். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சில மாதங்கள் சுற்றினார். நம் பகுதியின் மிகப் பழைய புகைப்படங்களில் பல அந்தப் பயணத்தில் எடுத்தவைதான். மெழுகு ஏற்றிய காகிதத்தில் நெகடிவ். அது ஏறக்குறைய 15 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம். இன்று நாம் வைத்திருக்கும் செல்போன் பத்தை இரண்டு வரிசையாக அடுக்கினால்தான் அந்த அளவு வரும்.

இந்த வானத்தைப் பாருங்கள். விமானத்துக்குப் பின்னால் மேகம் எவ்வளவு அழகாகத் திரண்டு நிற்கிறது! அந்தக் காலத்து நெகடிவில் வானம் மொட்டையாகத்தான் விழும். மேகம் பதியாது. டிரைப் தம் நெகடிவ்கள் பலவற்றின்மேல் தூரிகையால் மேகத்தைத் தீட்டிச் சேர்த்தார். கருங்கல் ராஜராஜனுடையது, மேகம் கேப்டனுடையது. படம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிற ஒப்பனை புதிதல்ல. புகைப்படம் நம் ஊருக்கு வந்தபோதே அதுவும் கூட வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆள் இல்லை. கோயிலில் மனிதர்களே இல்லாமலா இருந்திருப்பார்கள்? குருக்கள் உண்டு, மேளக்காரர் உண்டு, பூக்காரி உண்டு, திண்ணையில் படுத்திருப்பவர் உண்டு. ஆனால் படம் பதிய நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கும். நடந்தவர்கள் நெகடிவில் தங்கமாட்டார்கள். அசையாத கல் மட்டும் தங்கும். அரசு அவரிடம் கேட்டதும் கல்லைத்தான். புராதனச் சின்னங்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள்; ஊரைப் பதிவு செய்யச் சொல்லவில்லை.

அந்த ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்தையும் சேர்த்து முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். சென்னை நீதிமன்றம் ராணி பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இது அரசின் அதிகாரச் செயல், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை என்று 1859இல் அங்கே தீர்ப்பானது. ஆக, டிரைப் கோயில் முற்றத்தில் முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரத்தில், கூப்பிடு தூரத்தில் ஒரு ராஜ குடும்பம் தன் சொந்தப் பண்ட பாத்திரத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. படத்தில் அதன் சுவடே இல்லை. அமைதியான, மேகம் சூழ்ந்த, பழம்பெருமை வாய்ந்த தஞ்சை மட்டும் இருக்கிறது. வெற்றி பெற்றவன் எடுத்த படம் என்பதை அழகுக்காக மறந்துவிடக்கூடாது.

அழகை மறுக்கவும் முடியாது. அடுத்த படம் டிரைப்பின் பெரிய சாதனை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கினார். ஏறக்குறைய 19 அடி நீளம். ஒட்டு தெரியாமல் இருக்கக் கையாலேயே சரிசெய்தார். இந்தத் திரையில் முழுவதையும் காட்ட முடியாது. ஒரு துண்டைத்தான் காட்டுகிறேன்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இதை எடுத்தவருக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் அன்று படித்துப் பொருள் சொல்லியிருக்கவில்லை. இந்தக் கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பதே அன்றைய தஞ்சாவூரில் மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டினான் என்பார்கள், காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்பார்கள். 1880களில் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. 1891 முதல் இந்தக் கல்வெட்டுகள் அச்சேறின. அதாவது, கோயிலைக் கட்டியவன் யார் என்று ஊர் மறந்திருந்த காலத்தில், அவன் பெயரைக் கேமரா வரி வரியாகப் பிடித்து வைத்திருந்தது. எதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்த படம் பின்னால் வருகிறவனுக்கு உதவும். இதைக் கடைசியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், சர்க்காருக்குப் புகைப்படக்காரர் எதற்கு, இது ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். சர்க்காரின் சிக்கனம் எப்போதும் முதலில் இம்மாதிரி இடத்தில்தான் கை வைக்கும். பத்தாண்டுக்குள் அதே அரசு லயன் என்ற இன்னொருவரை அமர்த்தித் தென்னிந்தியக் கோயில்களை மறுபடி படமெடுக்கச் செய்தது. டிரைப்பின் பிரதிகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். பழைய தஞ்சாவூருக்கு, அதாவது ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூருக்கு, வரைபடம் உண்டா? காகிதத்தில் கோடு போட்ட வரைபடம் கிடையாது. ஆனால் அதே கல்வெட்டுகளுக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது.

பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொன்னிலும் முத்திலும் விளக்கிலும் நின்றுவிடுவார்கள். எனக்குப் பிடித்தவை தெருப் பெயர்கள். சூரசிகாமணிப் பெருந்தெரு, வீரசோழப் பெருந்தெரு, ராஜவித்யாதரப் பெருந்தெரு, சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, ஆனைக்கடுவார் தெரு. நெய்கிறவர், சமைக்கிறவர், வில் பிடிக்கிறவர், யானை பார்க்கிறவர் என்று வேலைக்கு ஒரு தெரு. கடைவீதிகளும் வருகின்றன: திரிபுவனமாதேவிப் பேரங்காடி, வானவன்மாதேவிப் பேரங்காடி. நகரம் உள்ளாலை, புறம்படி என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. உள்ளாலை மதிலுக்கு உட்பட்ட பகுதி. புறம்படி அதற்கு வெளியே வளர்ந்த பகுதி.

இவற்றில் மிக விரிவானது தளிச்சேரிக் கல்வெட்டு. கோயிலின் திருச்சுற்று வெளிச்சுவரில் இருக்கிறது. ராஜராஜன் பல கோயில்களில் ஆடிப் பாடிய 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, தளிச்சேரி என்ற குடியிருப்புகளில் குடியேற்றினான். ஒவ்வொரு பெண்ணின் பெயர், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், இங்கே எந்தத் தளிச்சேரியில், தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்பது வரை எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இதை இன்றைய தபால்காரர் ஒருவர் கையில் கொடுத்தால், 1,000 ஆண்டுக்கு முந்தைய கடிதத்தைக்கூட வீடு தவறாமல் கொடுத்துவிடுவார்.

டிரைப்பின் படத்தில் இல்லாத மனிதர்கள் இதோ இங்கே பெயரோடு இருக்கிறார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று அவர்கள் வந்த ஊர்கள் எல்லாம் நம் காவிரிப் படுகை ஊர்கள். விரும்பி வந்தார்களா, அனுப்பி வைத்தார்களா என்று கல்வெட்டு சொல்லாது. அவர்களைப் பறிகொடுத்த கோயில்களில் அடுத்த நாள் யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்றும் சொல்லாது. எந்தெந்த ஊர்ச் சபை தஞ்சைக் கோயிலுக்குக் காவல் ஆள் அனுப்ப வேண்டும் என்று இன்னொரு கல்வெட்டு பட்டியல் போடுகிறது. எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று மற்றொன்று கணக்கு வைக்கிறது. தலைநகரம் என்றால் அந்த மதிலுக்கு உள்ளே இருப்பது மட்டுமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். தஞ்சாவூரின் உண்மையான வரைபடத்தை வரைந்தால் அதன் ஓரம் நம் வயல் வரப்பு வரை வரும்.

வரப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லை குறிக்கும் கலையில் சோழர் காலத்துக்காரர்கள் சளைத்தவர்கள் அல்ல. ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்தால், பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, கூடவே அதிகாரிகளும் ஊராரும் நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, கிழக்கே எந்த வாய்க்கால், தெற்கே எந்த மேடு, மேற்கே யார் நிலம் என்று செப்பேட்டில் எழுதினார்கள். 2010இல் நம் ஊருக்குப் பக்கத்தில் கழுக்காணிமுட்டம் கைலாசநாதர் கோயிலில் 85 செப்பேடுகள் ஒரே தொகுதியாகக் கிடைத்தன. திருவிந்தளூர்ச் செப்பேடுகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். திருவிந்தளூர்ப் பரிமள ரங்கநாதர் கோயிலுக்குப் போய் வருகிற நாம், அந்த இந்தளூர் ஒரு நாட்டுப் பிரிவின் தலைமை ஊராக ஆவணத்தில் நிற்பதை அதிகம் பேசுவதில்லை.

இப்படிக் கல்வெட்டையும் இலக்கியத்தையும் பிற்கால ஆவணங்களையும் நேரில் நடந்து பார்த்ததோடு சேர்த்துத் தஞ்சாவூரின் வரலாற்றை எழுதியவர் குடவாயில் பாலசுப்ரமணியன். அவருடைய 'தஞ்சாவூர்' நூலை வாங்கிப் படியுங்கள். நான் இங்கே ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கு அது எவ்வளவோ மேல்.

காகித வரைபடங்கள் 18ஆம் நூற்றாண்டில் வருகின்றன. அவற்றை வரைந்தவர்கள் யார்? கோட்டையை உடைக்க வந்தவர்கள். 1749இல் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் உள்ள தேவிக்கோட்டையைக் கம்பெனி பிடித்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை முற்றுகையிட்டுத் தோற்றுப் போனார். 1773 செப்டம்பரில் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காகக் கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்து, மன்னர் துளஜாவைச் சிறைவைத்தது. இந்தப் போர்களோடுதான் பொறியாளர்கள் வரைந்த கோட்டைப் படங்கள் பெருகின. கொத்தளம் எங்கே, அகழி எங்கே, பீரங்கியை எங்கே நிறுத்தினால் மதில் பிளக்கும் என்பதெல்லாம் அவற்றில் துல்லியமாக இருக்கும். மதிலுக்கு உள்ளே இருக்கும் ஊர் கிட்டத்தட்ட வெற்றிடம். குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள், அரண்மனைக்கு ஒரு கட்டம், கோயிலுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். பீரங்கி வைக்கிறவனுக்கு மடைப்பள்ளித் தெரு எதற்கு?

1799இல் சரபோஜி மன்னரோடு செய்த ஒப்பந்தத்தில் கம்பெனி ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் மன்னருக்கு விட்டது. அன்றிலிருந்து 56 ஆண்டு தஞ்சாவூர் நாடில்லாத தலைநகரம். சரஸ்வதி மகாலின் பெரும் சேகரம் உருவானதும், சங்கீதமும் பரதமும் புது வடிவம் கொண்டதும் அந்த நாடில்லாத காலத்தில்தான். வரி வசூலிக்கிற வேலை போனதால் படிக்க நேரம் கிடைத்தது என்று சிலர் கேலியாகச் சொல்வார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அதே சரபோஜி காலத்தில், 1808இல், தஞ்சாவூரில் ஒரு விபத்து நடந்தது. வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு வந்தார். 1802இல் சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டுத் தொடங்கிய வேலை. இரண்டு இடங்களிலிருந்து மூன்றாவது இடத்தைப் பார்த்துக் கோணம் அளக்க வேண்டும். அதற்கு உயரமான இடம் தேவை. வேறு ஊர்களில் மலையேறினார். நம் பக்கம் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய வரை நெல்லும் தென்னையும்தான். ஆகவே கோயில் கோபுரங்களையே மலையாக வைத்துக்கொண்டார்.

அவருடைய தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் கேரி என்பவர் செய்தது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். எதிரியிடமிருந்து தப்பிய கருவி தஞ்சாவூரில் தப்பவில்லை. பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டம் வளைந்துபோனது. லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஏறக்குறைய ஆறு வாரம் தட்டித் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். பிறகு அதே கருவியால் அளவையைத் தொடர்ந்தார். இன்று நாம் பார்க்கும் இந்திய வரைபடத்தின் அடியில் தஞ்சாவூரில் வளைந்து நிமிர்ந்த அந்த வட்டம் இருக்கிறது. எல்லோரும் லாம்டனின் பொறுமையைப் பாராட்டுவார்கள். ஆகம விதிப்படி யாரும் ஏறக்கூடாத விமானத்தில் அரை டன் கருவியைக் கயிறு கட்டி இழுத்த கூலிக்காரர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை.

கோபுரத்தை அளவுக் கல்லாக வைத்ததில் ஒரு பாடம் உண்டு. பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த வேண்டுமானால் மாறாத நான்கைந்து புள்ளிகள் வேண்டும். நம் சீமையில் ஆறு நகரும், வாய்க்கால் தூரும், கடல் உள்ளே வரும், சாலை அகலும். கோபுரம் அங்கேயே நிற்கும். கல்லூரி மாணவர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன்: இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் கோயிலைப் பொருத்துங்கள். ஆற்றை நம்பித் தொடங்காதீர்கள்.

அப்படிப் பொருத்திவிட்டுத் தஞ்சாவூரில் நடந்தால் என்ன தெரிகிறது? கோட்டை மதிலின் பெரும்பகுதி இல்லை. ஆனால் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம் என்று மதில் ஓடிய தடத்தில் தெருக்கள் ஓடுகின்றன. கீழவாசலில் வாசல் இல்லை. பக்கத்தில் மேட்டின்மேல் ராஜகோபால பீரங்கி மட்டும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. ராஜவீதிகள் நான்கும் பழைய கோட்டில்தான் போகின்றன. நாயக்கர் கட்டிய ஊர்த்திட்டத்தின்மேல் மராட்டியர் குடியிருந்தார்கள். அதன்மேல் முனிசிபாலிட்டி வந்து உட்கார்ந்தது.

வரைபடம் காட்டாத ஒன்று தரைக்குக் கீழே இருந்தது. சேவப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, அங்கிருந்து சிவகங்கைக் குளத்துக்கும், சிவகங்கைக் குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக அய்யன் குளம் போன்ற குளங்களுக்கும் கிணறுகளுக்கும் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயர். காவிரிப் படுகையில் ஒரு தலைநகரம், குடிதண்ணீருக்கு மழையை நம்பிக் குளம் வெட்டியிருக்கிறது! தஞ்சாவூர் நகரம் மேட்டில் இருக்கிறது. ஆறு வடக்கே பள்ளத்தில் போகிறது. முற்றுகையிட்டவர்களின் வரைபடத்தில் அகழித் தண்ணீர் நீலமாகத் தெரியும். ஊர் குடித்த தண்ணீர் தெரியாது.

இனி நம் பக்கம். டிரைப் தஞ்சையைப் படமெடுத்த 1858இல் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் எது என்று நினைக்கிறீர்கள்? தரங்கம்பாடி. 1845இல் டேனிஷ்காரர்களிடமிருந்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கையோடு, கலெக்டர் கச்சேரியை நாகப்பட்டினத்திலிருந்து அங்கே மாற்றினார்கள். 1860 வரை தஞ்சாவூர்க்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் மாயவரம் தாண்டிக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

1620இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் கட்டிய ஊர் அது. அவர்கள் வரைபடக்காரர்கள், விடமாட்டார்கள். 1733இல் டிரெல்லுண்ட் வரைந்த தரங்கம்பாடிப் படம் இதோ. டேன்ஸ்போர்க் கோட்டை, சுற்று மதில், ராஜா தெரு, ராணி தெரு. இந்தப் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அந்த ஊரில் வழி தவறாமல் நடக்கலாம். தமிழ்நாட்டில் வேறெங்கும் ஏறக்குறைய 300 ஆண்டுப் பழைய வரைபடம் இவ்வளவு பொருந்தி நான் பார்த்ததில்லை.

பொருந்தாதது கடல். மாசிலாமணிநாதர் கோயிலை மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் கட்டினார்கள். பழைய டேனிஷ் படங்களில் அது மதிலுக்கு உள்ளே, கரையிலிருந்து தள்ளி இருக்கிறது. நம் கண் முன்னால் அலை வந்து அதன் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் பழைய வரைபடத்தையும் இன்றைய கரையையும் ஒப்பிட்டுத்தான் கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்று ஆராய்ந்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய படம் கடலரிப்புக்குச் சாட்சி சொல்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் என்ற நார்வேக்காரர் தாமே ஓவியர். புகைப்படம் பிறக்காத காலத்தில் தரங்கம்பாடியையும் கோயில்களையும் வண்ணத்தில் தீட்டினார். அவை ஆஸ்லோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊர் ஓவியம் நார்வேயில். நம் ஊர்ப் புகைப்படம் லண்டனில்.

இன்னொரு கோடும் இருக்கிறது. 1926இல் போட்டு 1986இல் நிறுத்திய மாயவரம்–தரங்கம்பாடி ரயில் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் அந்த வண்டியில் போய்த்தான் திருக்கடையூரில் சொந்தக்காரரின் அறுபதாம் கல்யாணத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாளில் அந்தப் பாதை கறுப்புக் கோடாக இருக்கிறது. உங்களில் யாரிடமாவது அந்த வண்டியின் புகைப்படம் இருக்கிறதா? இருந்தால் கூட்டம் முடிந்து போகும்போது என்னிடம் சொல்லாமல் போகாதீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ராஜேந்திரன் தஞ்சையை விட்டு அங்கே போனான். 250 ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் இன்று ஒரு கிராமம். 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த அணைக்கரை தண்ணீரில் விளைந்த நெல்லை நாமும் சாப்பிட்டிருக்கிறோம். ஆகவே யாரையும் ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பூம்புகாருக்குப் படமும் இல்லை, கோட்டுப் படமும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் தாலமி தம் நூலில் கபேரிஸ் என்று ஒரு துறைமுகத்தைக் குறித்தார். அதற்குப் பிறகு நமக்கு இருப்பது இலக்கியம் தரும் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும்தான். 1960களில் தொல்லியல் துறை கீழையூரில் படகுகள் வந்து அணைந்த செங்கல் மேடையைத் தோண்டி எடுத்தது. மீதியைக் கடலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நாம் செய்ய வேண்டியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தார். அது நம் ஊர்ச் சிலைதான் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கோயில் படங்கள் அங்கே இருக்கின்றன. எடுத்தபோது திருட்டைப் பற்றி யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். டிரைப்பும் ராஜராஜனைப் பற்றி நினைக்கவில்லை.

தலைநகரங்களுக்குப் படமெடுக்க ஆள் வந்தார்கள். தலைநகருக்கு நெல் அனுப்பிய ஊர்களுக்கு யாரும் வரவில்லை. கூறைநாட்டுத் தறிக்கும், பட்டமங்கலத் தெருவுக்கும், துலாக்கட்டத்துக் கூட்டத்துக்கும், ஐப்பசி கடைமுகத்துக்கும் படம் இருந்தால் அது உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காருக்குப் பின்னால் பழைய கடைவீதி இருக்கும். மாப்பிள்ளையைப் பார்த்தது போதும், கடைவீதியைப் பாருங்கள். பத்திரப் பையில் பைமாஷ் நம்பர் போட்ட கிரயப் பத்திரம் இருக்கும், நான்கெல்லை எழுதியிருக்கும், புலப்படத்தின் நகல் இருக்கும். பாகப்பிரிவினை முடிந்ததும் இவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள்.

படத்தை லேமினேட் செய்யாதீர்கள். அது படத்தைக் கெடுக்கும். பசை போட்டு ஒட்டாதீர்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல், செல்போனில் முன்புறமும் பின்புறமும் எடுத்து வையுங்கள். யார், எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். வீட்டில் தொண்ணூறு வயதில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இந்த வாரமே ஆல்பத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். பெயர் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.